பிடரியில் முளைத்தது

பின்னலைப் பிரிப்பார்களா என்று அம்மா முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும், பூ வைப்பது என்றால் பூவை மட்டும் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று யார் சொன்னது, நம் வீட்டில் அப்படி என்றால் ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படியா... இல்லை, அம்மாவை மட்டும் சொல்வது சரியில்லை, நானும் கேட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதும் கலையரசனுக்கு ஒரு மெசேஜ் எழுதினேன், உங்கள் வீட்டில் பூ வைக்கும் வழக்கம் எப்படி என்று, அழித்தேன், வேறு மாதிரி எழுதினேன், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அதையும் அழித்தேன். கட்டிக்கொள்ளப் போகிறவனிடம் பின்னலைப் பற்றிக் கேட்டால் என்ன நினைப்பான் என்று யோசித்தேன், யோசித்ததோடு சரி. இப்போது அவனுடைய அக்கா சுஜா கையில் சீப்போடு என் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலை இழுத்துப் போடுகிறாள். "எங்க வீட்டுல பொண்ணு தலையைப் பிரிச்சு நாங்களே பின்னி விட்டுத்தாங்க பூ வைப்போம். பெரியப்பா வீட்டு அண்ணிக்கும் அப்படித்தான் செஞ்சோம்" என்கிறாள். அம்மா தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தும் வைக்காமலும், "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம், இப்பத்தான் பின்னி விட்டேன், நல்லாத்தானே இருக்கு" என்கிறாள், குரல் கடைசியில் கொஞ்சம் உடைகிறது, எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ என்னவோ. "சிரமம் என்னங்க சிரமம், வீட்டுக்கு வரப்போற பொண்ணு தலையில கை வைக்கறது ஒரு சிரமமா" என்று கலையரசனின் அம்மா, சந்திரம்மாள் அத்தை, சோபாவிலிருந்து சிரிக்கிறாள், "இவ்வளவு முடியைப் பின்னி முடிக்கறதுக்குள்ள எங்க சுஜாவுக்குத்தான் கை ஒடியப் போவுது." எல்லாரும் சிரிக்கிறார்கள். அம்மாவும் சிரிக்கிறாள். நானும் சிரித்தேனா... குனிந்திருப்பதால் யாருக்கும் தெரியாது.

எதிரே அணைத்து வைத்த டிவியின் கறுப்பில் நாங்கள் இருவரும் தெரிகிறோம், மணையில் நான், எனக்கு மேலே சுஜா. ரப்பர் பேண்டை உருவுகிறாள். பின்னலை நுனியிலிருந்துதான் பிரித்துக்கொண்டு வர முடியும், அதனால் கொஞ்ச நேரம் இருக்கிறது, இடுப்பிலிருந்து பிடரி வரைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு நேரம். அவள் விரல்களில் இப்போது இருப்பது என் முடி இல்லை. என்னுடையது தோள்பட்டைக்குக் கீழே வராது, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சவுரி, கறுத்து, கனத்து, ஒரே சீராக... அம்மாவின் முடி. நான் பிறப்பதற்கு முன்பு அம்மா தலை வாரும்போது சீப்பில் வந்ததையெல்லாம் சுருட்டி ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்து, தெப்பக்குளம் பக்கத்தில் சவுரி கட்டுகிற ஒரு பெண்ணிடம் கொடுத்துச் செய்து வாங்கியது. நான் பெரியவளானபோது சடை அலங்காரத்துக்கு முதல்முறை வைத்தார்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு விசேஷத்துக்கும், அப்புறம் விசேஷம் இல்லாத நாளுக்கும். மாசியில் பெண் பார்க்க வந்த அன்று சந்திரம்மாள் அத்தை பின்னலைத் தூக்கிப் பார்த்து, "இந்தக் காலத்துல இப்படி ஒரு முடியா" என்று சொன்னது இதைத்தான். அம்மாவின் முகம் சிவந்தது, பொய் மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம் என்று அன்று நினைத்தேன், இப்போது யோசித்தால் அது பயம் இல்லை, பெருமை. சரிதானே, அவளுடைய முடிதானே. யாரைப் பிடித்துப்போய் இவர்கள் இன்று பூவோடு வந்திருக்கிறார்கள், என்னையா, என் அம்மா ஆவதற்கு முன்பிருந்த இருபது வயதுப் பிரேமலதாவையா...

அதே நாளில்தான் அத்தை அந்தக் கண் லென்ஸ் கதையையும் சொன்னாள். கலையரசனுக்கு முதலில் பார்த்த பெண் கண்ணாடி போடுகிறவள், அதை மறைத்து லென்ஸ் வைத்து உட்கார வைத்திருந்தார்களாம், பூ வைக்கிற அன்று தெரிந்துவிட்டதாம். "கண்ணாடி போட்டா என்னங்க, போட்டுக்கட்டும். மறைச்சாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகல. கொண்டுபோன தட்டை அப்படியே தூக்கிட்டு வந்துட்டேன்." அம்மா "பின்ன, பொய் சொல்லிப் பொண்ணு குடுக்கறதா" என்று உச்சுக்கொட்டினாள். என் பிடரியில் சவுரியின் முடிச்சு கனத்துக்கொண்டிருந்தது. நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தத் தட்டு, அதே தட்டாக இருக்காது, ஆனால் அப்படி ஒன்று, பூவும் பழமும் மாம்பழ நிறப் புடவையுமாக இப்போது எனக்கும் டிவிக்கும் நடுவே இருக்கிறது. முடிச்சு வரைக்கும் சுஜாவின் விரல் ஏறினால் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். கீழே கார் நிற்கிறது, டிரைவர் கூட எங்கேயும் போகவில்லை.

பிடரி முடி எப்போது உடைய ஆரம்பித்தது என்று ஒழுங்காக யோசித்துப் பார்த்திருக்கிறேன். சவுரியின் நூலை அடிமுடியில் முடிச்சுப் போட்டு இறுக்குவது ஒன்று. கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனுக்குச் சேர்ந்த பிறகு வலை போட்ட கொண்டை, அதுவும் அதே இடத்தில், காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஊசி மேல் ஊசி. மாஸ்க் கயிறு ஒரு காலம். பஸ்ஸில் ரெக்சின் சீட். எது முதலில், எது அதிகம், சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் குளித்துவிட்டுக் கழுத்தைத் துடைத்தபோது துண்டில் குட்டிக் குட்டியாக ஒட்டியிருந்தது, வேரோடு வந்தது இல்லை, நடுவில் ஒடிந்தது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று செல்போனில் படம் எடுத்துப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே, கொண்டை உட்காரும் இடத்தில், எலி கடித்த துணி மாதிரி... அம்மாவிடம் காட்டினேன். "போர் தண்ணி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்நேரமும் போனு" என்றாள். சவுரி என்று அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் எனக்குக் கொடுத்தவற்றிலேயே அவள் மிகவும் ஆசையாகக் கொடுத்தது அது.

பங்குனியில் நிறுத்தினேன். சவுரி வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், கொண்டையை உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஏற்றிப் போட்டேன், ஆஸ்பத்திரியில் மேனேஜர் "என்னம்மா, தலையில இட்லிப் பானையைக் கவுத்த மாதிரி" என்றார், பரவாயில்லை. பழைய சாட்டின் லைனிங்கைத் தலையணைக்கு உறையாகத் தைத்தேன். துண்டுக்குப் பதில் அப்பாவின் நைந்த பனியன். அகலப்பல் சீப்பு, நுனியிலிருந்து மேலே, ஈரத்தில் தொடக் கூடாது. பஸ்ஸில் சாய மாட்டேன், சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வரை நிமிர்ந்து உட்கார்ந்து வருவேன், பரீட்சை எழுதுகிறவள் மாதிரி. மெடிக்கல் கோடிங் வகுப்பில் பக்கத்தில் உட்காரும் லூர்துராணிதான் தலையில் தெளிக்க ரோஸ்மேரி தண்ணீர் சொன்னாள், அவளே கடைசியில் சலித்துப்போய், "பேசாம மொட்டை போட்டுடுடி, சமயபுரத்துக்கு வேண்டுதல்னு சொல்லு, ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. எங்க ஆளுங்கன்னா வேளாங்கண்ணி. ஆண்டவரே முடிக்குப் பதில் சொல்லிக்குவாரு" என்றாள். சிரித்தோம். வகுப்பில் உடம்பின் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு குறியீடு போடக் கற்றுக்கொடுக்கிறார்கள், முடித்தண்டு உடைவதற்கும் ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் பிடித்த அன்று எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது, எங்கோ யாரோ இதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், இது என் சோம்பலோ அழுக்கோ இல்லை... முடி வளர்ந்தது. கொஞ்சம் வளரும், ஒடியும். மறுபடி வளரும். வளர்வதும் ஒடிவதும் ஒரே வேகத்தில் நடந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும், அம்மா அப்படித்தான் சொன்னாள், "முடிக்கு என்னடி இவ்வளவு பூஜை, ஒண்ணும் காணோமே." ஆனால் ஆடி கழிந்தபோது விரல் நீளம் வந்திருந்தது. மெலிசு, கொஞ்சம் செம்பட்டை, தொட்டால் பூனைக்குட்டி வயிறு மாதிரி. இரண்டு விரலுக்கு நடுவே அதைப் பிடித்துப் பார்க்கும்போது... வேறு எதையும் அப்படி நானாக, யாரும் சொல்லாமல், முடிப்பேனா என்று தெரியாமலே செய்துகொண்டு போனதில்லை. வகுப்பைத் தவிர.

இன்று காலையில் அம்மா சவுரியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். வேண்டாம் என்றேன். இருக்கிற முடியைப் பின்னி நிறையப் பூ வைத்தால் தெரியாது என்றேன். "பூவுக்குக் கீழ பின்னல் எங்கன்னு கேப்பாங்க, என்ன சொல்றது, பஸ்ஸுல விழுந்துடுச்சுன்னா?" முடிச்சுப் போட்டால் வளர்ந்ததெல்லாம் போய்விடும் அம்மா என்றேன், குரல் எனக்கே சின்னப் பிள்ளைத்தனமாகக் கேட்டது, முடிக்காகவா ஒருத்தி இப்படிக் கெஞ்சுவாள். "இன்னிக்கு ஒரு நாள்தான் தர்ஷினி." அப்பா அந்தப் பக்கமாக வந்து, என்ன சத்தம் என்று கேட்டார், "ஒண்ணுமில்லைங்க, தலை வாரறோம்" என்றாள் அம்மா. நான் திரும்பி உட்கார்ந்தேன். அவ்வளவுதான் என் எதிர்ப்பு. நூலை இறுக்கியபோது மெல்லிய சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். அம்மாவின் விரல்கள் எப்போதும் போல வேகமாக, அன்பாக... அன்பாகத்தான், அதில் சந்தேகம் இல்லை, அதனால்தான் எதுவும் சொல்ல முடிவதில்லை.

சுஜா நடுமுதுகுக்கு வந்துவிட்டாள். பேச்சு தேதிக்குப் போயிருக்கிறது. ஐப்பசியில் வைத்துவிடலாம் என்கிறாள் அத்தை, தை வரை எதற்கு இழுப்பது. கார்த்திகையில் எனக்குப் பரீட்சை, எழுதினால் சென்னையில் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், இதை அம்மா சொல்வாள் என்று காத்திருக்கிறேன். அம்மா சொல்லவில்லை, அம்மாவின் கண் சுஜாவின் விரலில் இருக்கிறது. அத்தையே சொல்கிறாள், "ஏதோ சாயங்கால கிளாஸ் போவுதாமே பொண்ணு. எங்க கைலாசபுரம் வீட்டுலேருந்து சத்திரம் போயிட்டு வந்து எப்பங்க உலை வைக்கறது? வேலை கூட இருக்கட்டும், வேண்டாங்கல. கிளாஸை மட்டும் விட்டுடட்டும்." கலையரசனும் போனில் இதையேதான் சொன்னான், கோபமாக இல்லை, கடலை சாப்பிட்டுக்கொண்டே, "கிளாஸெல்லாம் எதுக்குங்க இனிமே, நான் இருக்கேன்ல." நான் "ம்" என்றேன். அந்த "ம்" என்ன "ம்" என்று அவன் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது. "அதுக்கென்னங்க, விட்டுடுவா" என்கிறாள் அம்மா இப்போது, அவசரமாக, கேட்டது எதுவாக இருந்தாலும் கொடுத்துவிடத் தயாராக, இந்தப் பின்னல் பிரிவது மட்டும் நின்றால் போதும்... விட்டுடுவா. என் முன்னால், என் தலைக்கு மேலே. அரிசிக்கடையில் சாக்கு கை மாறுகிற மாதிரி.

விரல்கள் தோளுக்கு வந்துவிட்டன. முடி மாறும் இடம் இது, என்னுடைய மெலிசும் அம்மாவின் கனமும் சேர்ந்து ஓடுகிற இடம், பின்னத் தெரிந்த கைக்கு இது தெரியாமல் போகாது. சுஜாவின் வேகம் குறைகிறது. டிவிக் கறுப்பில் அவள் தலை சற்றுக் குனிகிறது. இதோ, இன்னும் ஒரு சுற்று, அதற்கப்புறம் முடிச்சு. அவளுடைய சுண்டுவிரல் என் பிடரியில் படுகிறது. படுகிறது, நிற்கிறது. முடிச்சுக்கு அடியில் ஒடிந்தும் ஒடியாமலும் குத்திட்டு நிற்கும் அந்தக் குட்டி முடிகளை ஒருமுறை, மேலிருந்து கீழே, தடவிப் பார்க்கிறது. அம்மா வெற்றிலையை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சொல், சொல்லிவிடு, அம்மா இங்க வந்து பாருங்க என்று கூப்பிடு...

"நல்ல முடிங்கம்மா" என்றாள் சுஜா சத்தமாக. "கொஞ்சம் சிக்கு, அவ்வளவுதான். பட்டு மாதிரி இருக்கு." முடிச்சிலிருந்தே மூன்று கால் எடுத்து, முடிச்சை உள்ளே வைத்து மூடி, மேலே இருந்து பின்ன ஆரம்பித்தாள், அம்மாவை விட வேகமாக. பிறகு என் காதருகே குனிந்தாள், பவுடர் வாசனை, வெற்றிலை வாசனை. "பயப்படாத. இது எந்தத் தலையிலதான் இல்ல. கல்யாணம் வரைக்கும் நான் பாத்துக்கறேன். அப்புறம் எவ வந்து உன் பிடரியைப் பாக்கப் போறா." என் தோளில் இரண்டு தட்டு தட்டினாள். நல்லவள். சந்தேகமே இல்லாமல் நல்லவள், இவளைப் போல ஒரு நாத்தனார் கிடைப்பதற்கு...

நன்றி என்றுதான் வர வேண்டும். காத்திருந்தேன், வரவில்லை. பயந்தது நடக்கவில்லை என்றால் உடம்பு இளகும், கை வேர்வை அடங்கும், எல்லாருக்கும் அப்படித்தானே, அம்மாவைப் பார், வெற்றிலையை விட்டுவிட்டு நிமிர்ந்து, யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் கைக்கெட்டும் தூரத்தில் வந்த கடைசி பஸ் நிற்காமல் போன மாதிரி இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு என்ன வேண்டிக்கொண்டிருந்தேன்? தெரியக் கூடாது என்றா? சொல் சொல் என்றுதானே... அப்படியா. நிஜமாகவே அப்படித்தானா, அல்லது இப்போது கசப்பில் நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா. தட்டைத் தூக்குவார்கள், கார் கிளம்பும், அம்மா அழுவாள், நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன், எல்லாவற்றையும் பிடரியே பேசி முடித்திருக்கும். வேண்டாம் என்பதைக்கூட முடியிடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேனா. பங்குனியிலிருந்து அத்தனை பொறுமையாக வளர்த்தேனே, மறைக்கிற அளவுக்கு வளரட்டும் என்றா, இல்லை...

மல்லிகைச் சரத்தை மடித்து முடிச்சின் மேல் வைத்து சுஜா ஊசியைச் செருகுகிறாள், அழுத்தமாக, நழுவக் கூடாதே என்று, முளைத்தவற்றின் ஊடாக. இந்தச் சத்தம் நிஜமாகவே கேட்கிறது. "இப்படித் திரும்பும்மா, பாக்கறேன்" என்கிறாள் சந்திரம்மாள் அத்தை. மணையிலேயே திரும்புகிறேன். "அட, ஏன் கண்ணு கலங்குது?" "சந்தோஷங்க" என்கிறாள் அம்மா. எனக்குப் பதிலாக. அவ்வளவு உடனே, அவ்வளவு நிச்சயமாக, நானே ஒரு கணம் நம்பிவிட்டேன்.

"ஊசி குத்துதுங்க" என்றேன்.

இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேனா, வேறு ஒன்றைச் சொல்லவா, தெரியவில்லை, வந்தது இதுதான். "எந்த ஊசிம்மா?" அத்தை சோபாவில் கையூன்றி எழுந்திருக்கிறாள். சுஜாவின் கை என் தோளை அழுத்துகிறது, வேண்டாம் என்கிற மாதிரி. அம்மா "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று பாதியில் எழுந்து, பாதியில் நிற்கிறாள். அத்தையின் வளையல் சத்தம் பக்கத்தில் வருகிறது. நான் அவளுக்கு முதுகைத் திருப்பி, பிடரி தெரியும்படி எவ்வளவு முடியுமோ அவ்வளவு தலையைக் குனிந்துகொண்டேன்.